‘உங்க பக்கத்துப் பசங்களே இப்படித்தான்’

போன வருடம் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்துக்கு ஒரு தாய் வந்தார். வீட்டில் தார் சுற்றிக் கொடுத்துக் கூலி வாங்குபவர். மகன் ஏழாம் வகுப்பு. வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “இனிமே பையன் இங்க வரமாட்டான் தம்பி. எங்க அண்ணன் வூட்ல தறி இருக்குது. அங்க வுட்டுடலாம்னு பாக்குறோம்.”

உட்கார வைத்து விசாரித்தோம். பள்ளியில் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மற்ற பெற்றோர் இருக்கும்போதே ஆசிரியர் வரிசையாக அடுக்கியிருக்கிறார். ஒரு இடத்தில் உட்கார மாட்டான். கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைக் கத்துவான். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவான். வாரம் ஒரு பேனா, மாதம் ஒரு நோட்டு தொலைப்பான். இதெல்லாம் உண்மை, எங்களுக்கும் தெரியும். ஆனால் அவர் முடித்த விதம் வேறு: “உங்க பக்கத்துப் பசங்களே இப்படித்தான்மா. படிப்பு ஏறாது. ஏதாவது கைத்தொழில் கத்துக்குடுங்க.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி மூன்று வாக்கியங்களைப் பற்றியது.

அதற்கு முன் எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிட வேண்டும். அதே பையனை நாங்களும் இரண்டு வாரம் படிப்பகத்தின் வாசற்படியில் தனியாக உட்கார வைத்திருந்தோம். மற்ற பிள்ளைகளைப் படிக்கவிடவில்லை என்பது காரணம். பள்ளியில் சாக்குத்துணி விரித்துத் தனியே உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுவனின் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட்டுவிட்டு, அதே சுவருக்கு வெளியே இன்னொரு சிறுவனை உட்கார வைத்திருந்தோம். அந்தத் தாய் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்காது.

அந்தப் பையனுக்கு ஏடிஹெச்டி இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள இன்னும் ஐந்து மாதம் ஆனது.

பெயரும் பொருளும்

ஏடிஹெச்டியைத் தமிழில் ‘கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். பெயரே நம்மைக் கொஞ்சம் திசைமாற்றிவிடும். இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில் அதை நிறுத்திவைப்பதுதான் கஷ்டம். சைக்கிள் செயினைக் கழற்றி மாட்ட இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருபவன், பத்து நிமிடக் கணக்குப் பாடத்தில் நாலு தடவை எழுந்துவிடுவான். “பிடிச்சதுக்கு மட்டும் உக்காருறான், அப்போ இது திமிர்தானே” என்று பெரியவர்கள் முடிவுகட்டுவது இங்கேதான்.

திட்டமிடுவது, வந்த எண்ணத்தை ஒரு நொடி அடக்கிவைப்பது, சொன்னதை மனதில் பிடித்துக்கொண்டே அடுத்ததைச் செய்வது, நேரம் போவதை உணர்வது. இவற்றையெல்லாம் நடத்துகிற மூளையின் வேலை இவர்களிடம் வேறு மாதிரி நடக்கிறது. நம் வீடுகளில் அது எப்படித் தெரியும்? கடைக்குப் போய் மூன்று பொருள் வாங்கிவரச் சொன்னால் ஒன்றோடு வருவான். மீதிச் சில்லறையை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. “பால் பொங்குது, பாத்துக்கோ” என்றால் பார்த்துக்கொண்டே நிற்பான், பால் பொங்கி வழிந்துவிடும். அடி வாங்குவான். நாளைக்கும் இதேதான் நடக்கும். அடியால் மாறுவதாக இருந்தால் நம் தெருக்களில் ஏடிஹெச்டி என்றோ ஒழிந்திருக்கும்.

மருத்துவர்கள் இதை ஒரே நாளில் முடிவு செய்வதில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ உறவையோ வாழ்க்கையையோ அது உண்மையாகவே பாதிக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருப்பது ஒரு வகை. கனவில் இருப்பது போல அமைதியாக உட்கார்ந்து எதையும் முடிக்காமல் விடுவது இன்னொரு வகை. இரண்டும் கலந்தும் வரும். அமைதியான வகை பெண் பிள்ளைகளிடம் அதிகம் தவறவிடப்படுகிறது. அவள் வகுப்பைத் தொந்தரவு செய்யவில்லை, அதனால் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. ‘மந்தம்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்துவிடுகிறது.

உலக அளவில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். பெரும்பங்கு மரபணு வழியாக வருவது. வளர்ப்பு சரியில்லை, செல்போன் கெடுத்துவிட்டது, அம்மா செல்லம் கொடுத்துவிட்டாள் என்பதெல்லாம் இதற்குக் காரணம் அல்ல. பலருக்கு வளர்ந்த பிறகும் தொடர்கிறது.

1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றுதான் விவரித்தார். மருத்துவம் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவர முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு கவனத்தை மையமாக வைத்துப் பெயர் சூட்டியது. நம் ஊர் ஆசிரியர் அறைகள் பலவற்றில் நாட்காட்டி இன்னும் 1902இல்தான் நிற்கிறது. அங்கே ஒழுக்கக்குறைக்கு ஒரு சாதியும் உண்டு.

ஒரே சேட்டை, இரண்டு தீர்ப்பு

ஒரே வகுப்பில் இரண்டு பையன்களை நினைத்துக்கொள்வோம். இருவரும் உட்கார மாட்டார்கள். ஒருவனின் அப்பா வங்கியில் இருக்கிறார். அவனைப் பற்றி ஆசிரியர் “ரொம்ப ப்ரில்லியன்ட், கொஞ்சம் ரெஸ்ட்லெஸ், ஒரு டாக்டரைப் பாருங்க சார்” என்பார். இன்னொருவன் காலனியிலிருந்து வருகிறான். அவனுக்கு “உங்க பக்கத்துப் பசங்களே இப்படித்தான்.” முதல் பையனின் நடத்தை அவனுக்கு மட்டும் சொந்தம். இரண்டாமவனின் நடத்தை அவன் தெருவுக்கே சொந்தம். முதலாவது மருத்துவரிடம் போகிறது. இரண்டாவது தறிக்கோ ஒரகடத்தில் ஒப்பந்த வேலைக்கோ போகிறது.

இது காஞ்சிபுரத்தின் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு, அதே மாதிரி நடந்துகொள்ளும் வெள்ளையினக் குழந்தைகளைவிட, ஏடிஹெச்டி என்ற நோயறிதல் குறைவாகக் கிடைத்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பள்ளியிலிருந்து இடைநீக்கம் மட்டும் அவர்களுக்கு அதிகமாகக் கிடைத்தது. ஒடுக்கப்பட்டவரின் பிள்ளை கவனம் சிதறினால் அது குணம். ஆதிக்கத்தில் இருப்பவரின் பிள்ளை கவனம் சிதறினால் அது உடல்நலம். கடல் தாண்டினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. நம் பகுதியில் துறுதுறுவென்று இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏடிஹெச்டி என்று நாமே முத்திரை குத்திவிடக் கூடாது. பசியில் இருக்கும் குழந்தையால் கவனிக்க முடியாது. ரத்தசோகை உள்ள குழந்தையால் முடியாது. காது சரியாகக் கேட்காத குழந்தை ‘சொன்னதைக் கேட்காத’ குழந்தையாகத் தெரியும். ஒரே அறை வீட்டில், பக்கத்தில் தறி ஓட, அப்பா குடித்துவிட்டு வந்து இரவெல்லாம் சண்டை நடக்க, நான்கு மணி நேரம் தூங்கிய பிள்ளை காலையில் எரிந்துவிழும். வன்முறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் உடல் எப்போதும் தப்பித்து ஓடத் தயாராக இருக்கும். இவை எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ஏடிஹெச்டி மாதிரியே இருக்கும். 2022இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நாம் ஆதரிக்கும்போது, கவனத்துக்கான ஒரு திட்டத்தையும் சேர்த்தே ஆதரிக்கிறோம்.

எனவே பசியா, காதா, தூக்கமா, பயமா, ஏடிஹெச்டியா, இரண்டு மூன்று சேர்ந்ததா என்று யாராவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமைதான் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. ‘இப்படித்தான்’ என்ற சொல் எல்லாக் கேள்விகளையும் மூடிவிடுகிறது.

‘வேறு திறமை’ என்ற பொறி

படித்த வட்டாரங்களில் இப்போது ‘நரம்பியல் பன்மைத்துவம்’ என்ற சொல் புழங்குகிறது. நியூரோடைவர்சிட்டி. 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசத் தொடங்கிய இயக்கத்தில் பிறந்தது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தன் ஆய்வேட்டில் இதை எழுதினார். மனித மூளைகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒரு வகை மூளைக்காக மட்டும் கட்டப்பட்ட உலகம்தான் மற்றவர்களை ஊனமாக்குகிறது என்பது இதன் சாரம். சாதி எதிர்ப்பு அரசியலில் இருக்கும் நமக்கு இது புதிய யோசனை அல்ல. குறை மனிதரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்பதைத்தான் நாம் நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் இந்தச் சொல்லை வரவேற்கிறோம். ஆனால் இது நம் தெருவுக்குள் நுழையும்போது ஒரு பொறியையும் கூடவே கொண்டுவருகிறது.

சமூக ஊடகங்களில் ஏடிஹெச்டி ஒரு ‘சூப்பர் பவர்’. படிப்பு வராவிட்டால் என்ன, இவர்களுக்கு வேறு திறமை இருக்கும், அதை வளர்த்துவிடுங்கள் என்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்த அறிவுரை கிடாராகவோ கோடிங்காகவோ மாறும். காலனிப் பிள்ளைக்கு? பறை நன்றாக அடிக்கிறான், அதில் விடுங்கள். கை வேகமாக இருக்கிறது, தறியில் உட்கார வையுங்கள். அதாவது, பன்மைத்துவம் என்ற புதிய சொல், சாதி முன்பே ஒதுக்கிவைத்த அதே இடத்துக்கு அவனைக் கொண்டுபோய் விட்டுவிடும். பறை நம் பெருமை. அதை விரும்பி எடுப்பது வேறு. ‘உனக்கு இதுதான் வரும்’ என்று கையில் திணிக்கப்படுவது வேறு.

தமிழ்நாட்டுக்கு இது பழகிய வாசனை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. முன்வாசல் வழியாக விரட்டப்பட்டது ‘படிப்பு ஏறாது, கைத்தொழில் கத்துக்குடுங்க’ என்ற கரிசனமாகப் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். குடும்பம் என்றால் யார்? அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு, அப்பாவின் உடன்பிறந்தவர்களும் அம்மாவின் உடன்பிறந்தவர்களும். ஆக, இந்தப் பையனின் தாய்மாமனும் அந்தக் ‘குடும்பத்துக்குள்’ வந்துவிடுகிறார்.

காஞ்சிபுரம் பட்டுக்குக் குழந்தையின் கை பட்ட வரலாறு பழையது. உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் கோர்த்து வாங்கும் கோர்வைத் தறியில் நெய்பவரோடு இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல காலம் குழந்தையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பு அடகாகும். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதில் பெரும்பாலானவர்கள் தலித், முஸ்லிம் பிள்ளைகள். அன்றிருந்த நிலை அப்படியே இன்றும் இருக்கிறது என்று சொல்லவில்லை. அரசும் இயக்கங்களும் போராடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்டன. அப்படி மீட்கப்பட்ட தலைமுறையின் பிள்ளையைத்தான் ‘கவனம் இல்லை’ என்ற காரணம் காட்டித் தறிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் பையன் காலாண்டு விடுமுறையிலேயே மாமன் வீட்டுத் தறியில் ஒன்பது நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். கோர்வையை விட்டுவிட்டான். நெய்ததைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. மாமன் அறைந்திருக்கிறார். ஆயிரக்கணக்கான பாவு இழைகளுக்கு நடுவே ஒரு இழையும் தவறாமல் நாள் முழுக்கக் கண்ணை வைத்திருக்கும் வேலை அது. மனிதர் செய்யும் வேலைகளிலேயே அதிகக் கவனம் கேட்கும் ஒன்றை, ‘கவனம் இல்லாத’ பிள்ளைக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியவில்லை. நெசவைப் பற்றியும் தெரியவில்லை. மூளையில்லாதவன் செய்வது கைவேலை என்ற சாதியப் பொதுப்புத்தி இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அவமதித்தது.

இன்னொரு முத்திரையா?

மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொன்னபோது அந்தத் தாய் ஒரு கேள்வி கேட்டார்: “ஏற்கெனவே நம்மள ஒரு மாதிரி பாக்குறாங்க. இதுல டாக்டர் சீட்டையும் நீட்டுனா பைத்தியம்னு சேத்து எழுத மாட்டாங்களா?”

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இந்த மண்ணில் முத்திரைகள் என்ன செய்தன என்பதைத் தெரிந்தவர்களின் கேள்வி அது. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சமூகத்தை வைத்தே மனிதரைக் குற்றவாளிப் பதிவேட்டில் ஏற்றியது. இங்கே அது நீங்கியது 1947இல்தான். பதிவேடு என்றால் நம் மக்கள் ஒரு அடி பின்னால் வைப்பதில் நியாயம் இருக்கிறது.

நாங்கள் அவரிடம் சொன்னது இதுதான்: “முத்திரை ஏற்கெனவே குத்தியாச்சு அக்கா. திமிர் புடிச்சவன், உருப்படாதவன்னு. அதை எந்த டாக்டரும் குத்தல, அதை வச்சு ஒரு உரிமையும் கேக்க முடியாது. இந்தச் சீட்டை வச்சுக் கேக்கலாம்.” எந்தப் பெயரும் சரியாக இருந்தால் போதாது, அந்தப் பெயரால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று முறை போய்ப் பேசினோம்.

பிறகு அலைச்சல். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நாள் கூலி போனது. முதலில் காதும் ரத்தமும் பார்த்தார்கள். ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பள்ளியிலிருந்து ஒரு படிவம் நிரப்பி வாங்கிவரச் சொன்னார்கள். கடைசியில் ஏடிஹெச்டி என்று எழுதினார்கள். கூடவே எழுதுவதில் கற்றல் சிரமமும் இருக்கலாம் என்றார்கள். இவை இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வருபவை.

மருந்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் பல பிள்ளைகளுக்கு நன்றாகவே உதவுகின்றன. பசி குறையலாம், தூக்கம் குறையலாம்; அதனால் மருத்துவர் கண்காணிப்பு தேவை. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் சீட்டு இல்லாமல் கிடைக்காது. பிள்ளையை மயக்கிப் போட்டுவிடும் என்று பயப்படவும் வேண்டாம், இதுவே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்பவும் வேண்டாம். மருந்தோடு பெற்றோருக்கான பயிற்சியும் வகுப்பறை மாற்றங்களும் சேர வேண்டும்.

கேட்க வேண்டியவை

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆட்டிசம் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு. ஏடிஹெச்டி பெயரோடு இல்லை. ஆனால் இதே ஒன்றிய அரசு 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்க வேண்டிய 30 நலக்குறைகளில் ஏடிஹெச்டி பெயரோடு இருக்கிறது. பரிசோதிக்கும் பட்டியலில் பிள்ளை இருக்கிறான், உரிமை தரும் பட்டியலில் இல்லை. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்வது சமூகநீதிக் கோரிக்கை. அதுவரை நம் கையில் இருப்பவற்றைப் பயன்படுத்துவோம்.

ஒன்று: அந்தத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வர வேண்டும், அங்கன்வாடிக்கு இரண்டு முறை. எப்போது வருகிறார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். எந்தப் பிள்ளையைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பெற்றோர் மூலம் சொல்லுங்கள். மேற்கொண்டு பார்க்க மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு வரவழையுங்கள்.

இரண்டு: சான்றிதழ் இல்லை, 40 சதவீதம் இல்லை, அதனால் எதுவும் கிடையாது என்று யாராவது சொன்னால் விகாஷ் குமார் வழக்கைச் சொல்லுங்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒரு தேர்வருக்கு, 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று இல்லாததால் ஒன்றியத் தேர்வாணையம் எழுத்தர் தர மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நியாயமான வசதி கேட்பதற்கு அந்த 40 சதவீத எல்லை முன்நிபந்தனை அல்ல என்றது. அது ஏடிஹெச்டி வழக்கு அல்ல. ஆனால் நீண்டகால மனநலக் குறையும் சமூகத் தடைகளும் சேர்ந்து முழுப் பங்கேற்பைத் தடுக்கும் எவரையும் சட்டத்தின் வரையறை உள்ளடக்குகிறது என்று வாதாட அது நமக்கு வழி திறந்துவிட்டிருக்கிறது.

மூன்று: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது துன்புறுத்தல். வாசலில் உட்கார வைப்பதும் துன்புறுத்தல். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டாலோ அடிக்கப்பட்டாலோ 1098. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணம் இல்லாதவை.

நான்கு: பெரும்பாலான வசதிகளுக்குச் சான்றிதழும் வேண்டாம், பணமும் வேண்டாம். முன் வரிசையில், ஜன்னலுக்குத் தள்ளி ஓர் இடம். இருபது கணக்கை ஒரேயடியாகத் தராமல் ஐந்தைந்தாகத் தருவது. நடுவே எழுந்து கரும்பலகை துடைக்கவோ தண்ணீர் எடுத்துவரவோ ஒரு வேலை. அதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறைவைத்துக் கொடுங்கள், காலனிப் பிள்ளைக்கு மட்டும் துடைப்பமும் வாளியும் போய்ச் சேரும் பழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் சாகவில்லை. வாயால் சொன்னதை எழுதியும் காட்டுவது. செய்த தவறைச் சொல்வதற்கு முன் முடித்த ஒன்றைச் சொல்வது.

நமக்குள்ளும்

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர், ‘இது நானேதான்’ என்று நினைத்திருக்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வந்து, அரியர் மேல் அரியர் வைத்து, ஒப்படைப்பை எப்போதும் கடைசி இரவில் தொடங்கி, ஹால் டிக்கெட்டைத் தொலைத்து நின்றவர்கள் நம்மில் உண்டு. மற்றவன் அரியர் வைத்தால் சோம்பேறி. நாம் வைத்தால் ‘கோட்டாவுல வந்தவன்’. அந்த ஏச்சுக்குப் பயந்தே சிரமத்தை மறைக்கிறோம். மறைப்பதற்கே பாதிச் சக்தி போய்விடுகிறது. சிரமம் நீண்ட காலமாக, எல்லா இடத்திலும் இருந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

நம் அமைப்புகளையும் கொஞ்சம் பார்ப்போம். மூன்று மணி நேரம் இடைவேளை இல்லாத கூட்டம். வாய்மொழியாக அள்ளித் தெளிக்கப்படும் வேலைகள். தாமதமாக வந்தவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திக் கேட்கும் கேள்வி. துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்க மறந்தவருக்கு ‘பொறுப்பற்றவர், களத்துக்கு லாயக்கில்லாதவர்’ என்ற பட்டம். இப்படி நாம் இழந்த தோழர்கள் எத்தனை பேர்? முடிவுகளை எழுதி அனுப்புவோம். ஒரு வேலைக்கு இரண்டு பேரைப் போடுவோம். முந்தின நாள் நினைவூட்டுவோம். யாராவது எழுந்து நடந்தால் நடக்கட்டும். அதே நேரம், தவறவிட்ட வேலையின் பாரத்தைச் சத்தமில்லாமல் எப்போதும் பெண் தோழர்களே சுமக்கும்படி விட்டுவிடக் கூடாது. வசதி செய்து தருவது என்றால் எல்லோரும் சேர்ந்து சுமப்பது.

எங்கள் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. பேனா இன்னும் தொலைகிறது. அரையாண்டில் கணக்கில் தேறினான், தமிழில் தேறவில்லை. ஆசிரியர் இப்போது அவனை முன் வரிசையில் உட்கார வைக்கிறார். அந்த மருத்துவர் சீட்டை அவர் இரண்டு முறை படித்துப் பார்த்ததாகத் தாய் சொன்னார். படிப்பகத்தில் அவனுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒன்று உட்கார, ஒன்று நிற்க. இரண்டும் சுவருக்கு உள்ளே.

போன வாரம் அவன் தங்கையைப் பற்றி அந்தத் தாய் சொன்னார். மூன்றாம் வகுப்பு. எதையும் உடைக்க மாட்டாள், சண்டைக்குப் போக மாட்டாள். சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். “டீச்சர் மந்தம்னு சொல்றாங்க. நீங்க ஒருவாட்டி பாருங்க தம்பி” என்றார். முதல் முறை மூன்று தடவை போய் நாங்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. இந்த முறை அவரே வந்துவிட்டார்.

உங்கள் தெருவிலும் ஒரு ஜன்னலோரத்தில் ஒருத்தி இருப்பாள், ஒரு வாசற்படியில் ஒருவன் இருப்பான். போய்ப் பாருங்கள்.

ஜெய்பீம்.